போட்டியை விட்ட மல்யுத்த வீரர் கோச் ஆவது எப்படி

முப்பதை நெருங்கும்போது முட்டி பேச ஆரம்பித்துவிடும். காலையில் எழுந்ததும் முதல் பத்து அடி நொண்டி நடப்போம், அப்புறம் சரியாகிவிடும். அந்தச் சமயம் பார்த்து யாராவது வந்து, "சும்மாதானே இருக்கே தம்பி, நம்ம பசங்களுக்குக் கத்துக்கொடேன்" என்பார். எனக்குத் தெரிந்த கோச்சுகளில் பாதிப்பேர் இப்படித்தான் கோச் ஆனார்கள். நானும் அப்படித்தான்.

நான் பல்கலைக்கழக அளவில் ஃப்ரீஸ்டைல் விளையாடியவன். இப்போது ஓர் அரசுப் பள்ளியின் மல்யுத்தக் கூடத்தில் சாயங்காலம் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லித்தருகிறேன். சாம்பியன் எல்லாம் இல்லை. அதனாலேயே, சாம்பியனாகவும் இருந்து கோச்சாகவும் ஜெயித்தவர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்று உற்றுப் பார்க்கும் பழக்கம் வந்தது. அவர்களில் நான் அதிகம் படித்தது அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்காரர் டான் கேபிளை.

ஃப்ரீஸ்டைல் என்றதும் டிவியில் நாற்காலியால் அடித்துக்கொள்வதை நினைக்கிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். பெரியவர்களிடம் சொன்னால் தாரா சிங், கிங்காங் என்று ஆரம்பிப்பார்கள். அது வேறு. இது ஒலிம்பிக் மல்யுத்தம். இடுப்புக்குக் கீழேயும் பிடிக்கலாம், காலை வாரலாம். பெரியவர்களுக்கு மூன்று நிமிடம் வீதம் இரண்டு சுற்று, நடுவில் 30 விநாடி இடைவேளை. எதிராளியைக் கீழே கொண்டுவந்து கட்டுக்குள் வைத்தால் 2 புள்ளி, வட்டத்துக்கு வெளியே தள்ளினால் 1 புள்ளி, 10 புள்ளி முன்னிலை வந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. பிள்ளை சேர்க்க வருகிற பெற்றோருக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். பாதிப் பயம் போய்விடும்.

சரி, கேபிள். 1948இல் அயோவாவின் வாட்டர்லூ ஊரில் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளியில் 64 போட்டி, 64 வெற்றி. அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அடுத்த 117 வெற்றி. ஆக 181 தொடர் வெற்றிகளோடு 1970இல் தன் கடைசிக் கல்லூரி இறுதிப்போட்டிக்குப் போனார். அங்கே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லாரி ஓவிங்ஸிடம் 13-11 என்று தோற்றார். அடுத்த ஆண்டு சோஃபியாவில் உலக சாம்பியன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 68 கிலோ பிரிவில் ஆறு போட்டிகளிலும் எதிராளிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் தங்கம். கோச்சாக அயோவா பல்கலைக்கழகத்தில் (அவர் படித்த அயோவா ஸ்டேட் வேறு, இது வேறு) 1976 முதல் 1997 வரை கல்லூரி அணிகளுக்கான 15 தேசியப் பட்டங்கள். அதில் 1978 முதல் 1986 வரை ஒன்பது தொடர்ச்சியாக வந்தவை.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு, "பெரிய வீரர், அதனால் பெரிய கோச்" என்று முடிவு கட்டுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பெரிய வீரருக்கு இந்த வேலை மற்றவர்களைவிடக் கஷ்டம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவர் உடம்புக்குத்தான் தெரியும், வாய்க்குத் தெரியாது. அந்த அறிவை உடம்பிலிருந்து வெளியே எடுத்து, துண்டு துண்டாகப் பிரித்து, இன்னொரு உடம்புக்குப் பொருந்துகிற மாதிரி கொடுப்பதுதான் கோச்சின் வேலை. கீழே நான் சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்.

முதலில் இன்னொருவர் பக்கத்தில் உட்காருங்கள்

கேபிள் தங்கம் வாங்கியதும் தலைமைக் கோச் ஆகிவிடவில்லை. 1972இலிருந்து 1976 வரை அயோவாவில் கேரி கெர்டல்மையருக்குத் துணைக் கோச். ஒலிம்பிக் சாம்பியன் ஒருவர் நாலு வருஷம் இன்னொருவரின் கீழ் இருந்திருக்கிறார் என்றால் நமக்கென்ன அவசரம்? அந்த அணி 1975இலும் 1976இலும் தேசியப் பட்டம் வாங்கியது. அதன் பிறகுதான் பொறுப்பு கேபிள் கைக்கு வந்தது.

ஆகவே தனியாகக் கூடம் போடுவதற்கு முன்னால், நன்றாகச் சொல்லித்தருகிற ஒரு மாஸ்டரிடம் குறைந்தது ஒரு சீசன் முழுக்க நில்லுங்கள். சம்பளம் பெரிதாக இருக்காது. பயிற்சியில் அவர் யாரைத் திட்டுகிறார், யாரைத் திட்டுவதே இல்லை என்று கவனியுங்கள். எந்தப் பையனை யாரோடு ஜோடி போடுகிறார், தோற்றுவிட்டு வருகிற பிள்ளையிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்கிறார் என்றும் பாருங்கள். இதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

மேட் துடைக்கிற வேலையும் உங்கள் தலையில்தான் விழும். அதைக் கேவலமாக நினைக்காதீர்கள். மல்யுத்தக் கூடத்தில் எதிராளியைவிடப் பெரிய எதிரி படர்தாமரை. ஒரு பிள்ளைக்கு வந்தால் இரண்டு வாரத்தில் பாதிக் கூடத்துக்கு வந்துவிடும். தினமும் பயிற்சிக்கு முன்னால் கிருமிநாசினி கலந்த தண்ணீரில் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, அப்புறம்தான் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். ஈரத்தோடு ஏற்றினால் வழுக்கும். கழிவறைக்குப் போட்டுப்போன ஷூவோடு யாரும் மேட் மேல் கால் வைக்கக் கூடாது. வரிசையில் நிற்கவைத்து நகம் பாருங்கள். கழுத்து, முன்கை, கன்னம் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். வட்டமாகச் சிவந்து, ஓரத்தில் செதில் இருந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு மேட் கிடையாது. ஓட்டமும் தண்டாலும் மட்டும் செய்யட்டும். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு வரட்டும். முகம் வாடும்தான், ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் பிடியைப் பிரித்துப் போடுங்கள்

இதற்கு நான் காட்டுவது ஜான் ஸ்மித்தை. ஓக்லஹோமாக்காரர். 1988 சியோல், 1992 பார்சிலோனா இரண்டிலும் 62 கிலோவில் தங்கம். உலகப் பட்டங்களையும் சேர்த்தால் 1987 முதல் வரிசையாக ஆறு ஆண்டு அவரை அந்த எடையில் யாரும் கீழிறக்கவில்லை. அப்புறம் தான் படித்த ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கே கோச்சாகி, ஐந்து தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்து, 2024இல்தான் ஓய்வு பெற்றார்.

அவருடைய ஆயுதம் லோ சிங்கிள். நாம் எல்லோரும் சிங்கிள் லெக், அதாவது ஒற்றைக் கால் பிடி என்றால் முழங்காலை ஒட்டிப் பிடிப்போம். அவர் தரையோடு தரையாக இறங்கிக் குதிகாலைப் பிடிப்பார். டிவியில் பார்த்தால் மின்னல் மாதிரி இருக்கும், ஒன்றும் புரியாது. ஒரு பையன் பார்த்துவிட்டு அப்படியே பாய்ந்தான் என்றால் முகம்தான் மேட்டில் உரசும், கால் கைக்கு வராது.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது நான் இப்படிப் பிரிப்பேன். முதல் துண்டு, உயரம் இறங்குவது. கையை நீட்டவே கூடாது. நிற்கிற நிலையிலிருந்து இடுப்பு மட்டும் இறங்க வேண்டும், தலை குனியக் கூடாது, கண் எதிராளியின் மார்பில் இருக்க வேண்டும். சில நாள் இது மட்டும்தான். பிள்ளைகளுக்கு அலுத்துப்போகும், போகட்டும். இரண்டாவது, தூரம். எதிராளியின் முன்கால் எட்டுகிறதா இல்லையா என்பதைக் கண்ணால் அளக்கப் பழக வேண்டும். ஜோடியை மெதுவாக நடக்கவிட்டு, "இப்போ எட்டும்" என்று தோன்றும்போது கையால் தொடாமல் வாயால் சொல்லச் சொல்வேன். இது நான் நினைத்ததைவிட நன்றாக வேலை செய்கிறது. பாய்வதற்கு முன்னால் மூளை முடிவெடுப்பதை நம்மால் காதால் கேட்க முடிகிறது. மூன்றாவது, கையும் தோளும். கை குதிகாலுக்குப் பின்னால் போய் அணைகட்ட வேண்டும், கால்விரலைப் பிடிப்பதில் பிரயோஜனமில்லை. அதே நொடியில் தோள் முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பின் மேல் அழுந்த வேண்டும். பின்னால் கை, முன்னால் தோள், நடுவில் அவன் கால் மாட்டிக்கொண்டது. நாலாவது, நிற்காமல் போவது. பிடித்த பிறகு ஒரு கணம் நின்றால் எதிராளி இடுப்பைப் பின்னால் எறிந்து நம் மேல் படுத்துவிடுவான். பிடி முடிகிறவரை நம் முழங்கால்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்களுடைய சொந்தப் பிடி வேறாக இருக்கும். அதையும் இதே மாதிரி பிரிக்க வேண்டும், ஆனால் நினைவிலிருந்து பிரிக்காதீர்கள். போனை முக்காலியில் வைத்துப் படம் பிடித்து, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கை நகர்வதற்கு முன்னால் கால் எங்கே இருந்தது என்று பாருங்கள். என் டபுள் லெக் (இரண்டு காலையும் சேர்த்துப் பிடிப்பது) முழுக்க நெற்றி தள்ளுவதில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படத்தில் பார்த்தால், நெற்றி போவதற்கு முன்பே இடது கால் அரை அடி வெளியே நகர்ந்திருக்கிறது. எனக்கே தெரியாமல் உடம்பு செய்துகொண்டிருந்த வேலை. பிள்ளைகளிடம் முதலில் அந்த அரை அடியைத்தான் இப்போது சொல்கிறேன்.

எல்லோரையும் உங்களைப்போல ஆக்காதீர்கள்

கேபிள் என்றாலே உழைப்பு, வெறி, கடுமை என்று ஒரு பிம்பம் உண்டு. தன் வீரர்களோடு தானே மேட்டில் இறங்கிப் புரண்டவர் என்பதும் உண்மை. நம் ஊரில் இதை எடுத்துக்கொண்டு, "கேபிள் அப்படித்தான்" என்று சொல்லி 13 வயதுப் பிள்ளையை வாந்தி எடுக்கும்வரை ஓட விடுகிற கோச்சுகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேபிளின் வீரர்களைப் பார்க்கவில்லை.

அவரிடம் வந்தவர்கள் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள், பள்ளியிலேயே பட்டம் வென்று தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர்கள். அதிலும் ரேண்டி லூயிஸ் என்று ஒருவர். கேபிள் விடாமல் அழுத்தி அழுத்தி எதிராளியைக் களைக்கவைக்கிற ரகம். லூயிஸ் அதற்கு நேர் எதிர். ஆபத்தான இடத்தில் தானே போய் மாட்டிக்கொண்டு அங்கிருந்து புள்ளி எடுப்பார், புள்ளி கொடுக்கவும் செய்வார். கேபிள் அவரை மாற்றித் தன்னைப்போல ஆக்கிவிடவில்லை. லூயிஸ் 1979, 1980 இரண்டு ஆண்டும் கல்லூரி சாம்பியன், 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 62 கிலோ தங்கம். அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்க ஃப்ரீஸ்டைல் அணியின் கோச்சும் கேபிள்தான். பத்துப் பிரிவில் ஏழு தங்கம். சோவியத் அணி புறக்கணித்த ஒலிம்பிக் அது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். அயோவாவின் இரட்டையர்கள் எட் பானாக், லூ பானாக் இருவரும் அந்த ஏழில் உண்டு.

உங்கள் கூடத்தில் உயரமான ஒல்லிப் பையன் இருந்தால் அவனைக் குட்டையானவன் மாதிரி இடுப்பைப் பிடிக்கச் சொல்லாதீர்கள். நீளமான கைக்கு முன்கழுத்துப் பூட்டும், கணுக்கால்களைப் பின்னிப் புரட்டுகிற லெக் லேஸும் பொருந்தும். குட்டையான, கெட்டியான பெண்பிள்ளைக்கு, எதிராளியின் அக்குளுக்கு அடியில் கைகொடுக்கிற அண்டர்ஹூக் போட்டு வட்டத்துக்கு வெளியே தள்ளச் சொல்லிக்கொடுங்கள். ஒவ்வொன்றாக வருகிற அந்த 1 புள்ளி கூடிக்கூடி ஆட்டத்தை ஜெயித்துக் கொடுக்கும். ஆளுக்கு ஒரு பக்கம் நோட்டில் ஒதுக்குங்கள். உயரம், எடை, எந்தக் கால் முன்னால், எந்தப் பக்கம் திரும்பத் தெரியாது என்று எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை புரட்டினால் போதும்.

ஒன்றரை மணி நேரம்

பள்ளிக் கூடத்தில் அதற்கு மேல் கிடைக்காது, தேவையும் இல்லை. முதல் 20 நிமிடம் உருளல், பிரிட்ஜ் (தலையையும் காலையும் ஊன்றி உடம்பை வளைப்பது), ஸ்ப்ரால் (கால்களைப் பின்னால் எறிந்து படுப்பது), மல்யுத்த நிலையில் நின்றபடி நகர்வது. மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதை நான் விட்டுவிட்டேன், மல்யுத்தத்தில் நேர்கோட்டில் யாரும் ஓடுவதில்லை. அடுத்த அரை மணி ஒரே ஒரு பிடி. ஒன்றுதான். அப்புறம் சூழ்நிலை ஆட்டம். "ஒரு கால் ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறது, 30 விநாடி இருக்கிறது, தப்பிக்க வேண்டும்" என்று குறுகிய போட்டிகள். பிள்ளைகள் உண்மையில் கற்றுக்கொள்வது இதில்தான். கடைசியில் முழு ஆட்டம். 17 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விதிப்படியே இரண்டிரண்டு நிமிடச் சுற்று, ஆகவே பயிற்சியிலும் அவ்வளவே. கயிறு ஏறுவது, தண்டால், பஸ்கி எல்லாம் கடைசிப் பத்து நிமிடத்தில். களைத்த உடம்போடு புதுப் பிடி கற்றுக்கொடுத்தால் தப்பாகத்தான் படியும்.

எடை விஷயத்தில் மட்டும் பயப்படுங்கள்

2024 பாரிஸில் வினேஷ் போகத்துக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 50 கிலோவில் முதல் நாள் ஒலிம்பிக் சாம்பியனான ஜப்பானின் யுய் சுசாகியையே வீழ்த்தி இறுதிக்குப் போனவர், மறுநாள் காலை 100 கிராம் கூடுதல் என்று வெளியேற்றப்பட்டார். இறுதிக்குப் போகிறவர் இரண்டாவது நாளும் எடை காட்ட வேண்டும் என்பது விதி. ஆனால் கோச் பயப்பட வேண்டியது பதக்கம் போவதற்கு அல்ல. 1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி வீரர்கள் எடையைக் குறைக்கிறேன் என்று செத்தே போனார்கள். ரப்பர் உடுப்பு, சூடான அறை, தண்ணீர் குடிக்காமல் சைக்கிள் மிதிப்பது என்று எல்லாம் சேர்ந்து எடுத்த உயிர்கள். அதன் பிறகுதான் அங்கே கல்லூரிப் போட்டிகளில் ரப்பர் உடுப்புக்கும் சூடான அறைக்கும் தடை வந்தது. உடல் கொழுப்பை அளந்து, இவ்வளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று எல்லையும் வைத்தார்கள்.

நம் பள்ளிப் போட்டிகளில் ஒரு பிரிவு கீழே இறங்கினால் மெடல் சுலபம் என்று பெற்றோரே கேட்பார்கள். வளர்கிற பிள்ளைக்கு எடை குறைப்பு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எடை மெஷின் முன்னால், எடை குறையட்டும் என்று எச்சில் துப்பிக்கொண்டு நிற்கிற 14 வயதுப் பையனைப் பார்த்தால், அவன் கோச்சைத்தான் கேட்க வேண்டும். வாரம் ஒருமுறை பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை எழுதுங்கள். வித்தியாசம் முழுக்கத் தண்ணீர்தான் என்பது பிள்ளைகளுக்கே புரியும்.

மூலையில் 30 விநாடி

இடைவேளையில் பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு வரும். முதல் பத்து விநாடி எதுவும் பேசாதீர்கள், துண்டு, தண்ணீர் மட்டும். அப்புறம் ஒரே ஒரு வாக்கியம். "வலது கால் முன்னால வைக்கிறான், அதைத் தொடு." அவ்வளவுதான். மூன்று விஷயம் சொன்னால் மூன்றும் மறந்துபோகும்.

நடுவர் தீர்ப்பை எதிர்த்துக் கேட்பதற்கான சேலஞ்ச் செங்கல் உங்கள் கையில் இருக்கும். பஞ்சு மாதிரி மெத்தென்று இருப்பதை மேட்டில் எறிந்தால் வீடியோவைப் பார்ப்பார்கள். தீர்ப்பு நமக்கு எதிராக வந்தால் எதிராளிக்கு 1 புள்ளி, மறுபடி கேட்கவும் முடியாது. கோபத்தில் எறியாதீர்கள். வீரர் வேண்டாம் என்று சொன்னால் சேலஞ்ச் ரத்து, அதனால் எறியும்போதே பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். வெளியே கால் போனதா இல்லையா என்பது உங்களைவிட அந்தக் காலுக்குச் சொந்தக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

பட்டம் போனாலும் கூடம் நிற்கிறதா

கேபிளின் ஒன்பது தொடர் பட்டங்கள் 1987இல் அறுந்தன, அதுவும் அவர் படித்த அயோவா ஸ்டேட்டிடம். அடுத்த பட்டத்துக்கு 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு ஏழு ஆண்டுகளில் ஆறு. 1997இல் கடைசிப் பட்டம், அயோவாவின் சீடார் ஃபால்ஸிலேயே, அணியாக மொத்தம் 170 புள்ளிகளோடு. அந்தப் புள்ளிச் சாதனை 2024 வரை நின்றது. முறியடித்தது பென் ஸ்டேட் அணி. அதன் கோச் கேல் சாண்டர்சனும் ஒரு சாம்பியன்தான், 2004 ஏதென்ஸ் தங்கம், கல்லூரியில் 159க்கு 159 வெற்றி.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. கேபிள் விலகியதும் பொறுப்பேற்ற ஜிம் ஜலெஸ்கி அவரிடமே பயின்றவர். அவர் 1998, 1999, 2000 மூன்று ஆண்டும் பட்டம் வாங்கினார். பிற்பாடு அதே நாற்காலிக்கு வந்த டாம் பிராண்ட்ஸும் கேபிளின் மாணவர், 1996 ஒலிம்பிக் தங்கம். ஆகவே உங்கள் கூடத்திலேயே மூத்த பிள்ளை ஒருவருக்கு இப்போதே விசிலைக் கொடுத்துப் பழக்குங்கள். வாரம் ஒருநாள் சின்னப் பிள்ளைகளுக்கு அவர் சொல்லித்தரட்டும், நீங்கள் சுவரில் சாய்ந்து பாருங்கள். உங்கள் பாடத்தில் எது புரியாமல் போயிருக்கிறது என்று அப்போது தெரியும்.

கடைசியாகச் சான்றிதழ்

அனுபவம் மட்டும் போதும் என்று இருந்தால் அரசு வேலைக்கும் பெரிய பள்ளிகளுக்கும் விண்ணப்பிக்க முடியாமல் போகும். பாட்டியாலாவில் 1961இல் தொடங்கிய நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமோ இருந்தால் நல்லது. நாம் சுருக்கமாக என்.ஐ.எஸ். என்போம். நீண்ட காலம் ஊரை விட்டுப் போக முடியாதவர்களுக்கு ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் உண்டு. தகுதி, வயது வரம்பு எல்லாவற்றையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். நீங்கள் விளையாடிய போட்டிகளின் சான்றிதழ்களைக் கேட்பார்கள், ஆகவே பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறி லேமினேட் செய்து வையுங்கள். அங்கே உடலியக்கமும் உளவியலும் படிக்க வேண்டும். நம் ஆட்கள் அதில்தான் தடுமாறுவார்கள், முன்கூட்டியே கொஞ்சம் வாசித்துவிட்டுப் போங்கள். அடிப்படை இந்தி தெரிந்தால் ஹரியானாப் பையன்களோடு பழகச் சுலபம், அவர்களிடமிருந்து கற்க நிறைய இருக்கிறது. அப்புறம், ஜனவரியில் அங்கே இருக்க நேர்ந்தால் நம் ஊர்ப் போர்வை காணாது. நல்ல கம்பளி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.